புடவையால் அளந்த வீடு

1986-ல் மும்பை பைகுல்லாவின் நடைபாதைகளில் வாழ்ந்த பெண்கள் தங்களுக்கு வேண்டிய வீட்டைத் தாங்களே வரையத் துணிந்தார்கள். மீட்டர் கணக்கும் வரைபடத் தாளும் அவர்களில் பலருக்குப் பழக்கமில்லாதவை. புடவை இருந்தது. தினமும் உடுத்தி அவிழ்க்கிற துணியின் நீளம் கைக்கே தெரியும். அதைத் தரையில் விரித்தார்கள். அறை இவ்வளவு, அடுப்படி இவ்வளவு, பாத்திரம் கழுவும் மோரி இவ்வளவு என்று குறித்தார்கள். பிறகு மரச்சட்டத்தில் துணி கட்டி, ஆள் உள்ளே போய் நிற்கும்படி முழு அளவில் மாதிரி வீட்டை நிறுத்தி, அக்கம்பக்கத்தாரையும் அதிகாரிகளையும் அழைத்து நடந்து பார்க்கச் சொன்னார்கள். மகிளா மிலன் என்ற அந்தப் பெண்கள் அமைப்பு பின்னாளில் பல ஊர்களில் இப்படி வீட்டுக் கண்காட்சி நடத்தியது.

அவர்களோடு நின்றவர் ஒரு தமிழர். கோலார் தங்கவயலில் பிறந்து, பதின்ம வயதில் மும்பைக்கு வந்து, தச்சு வேலை செய்து, மான்குர்ட் பக்கம் ஜனதா காலனியில் குடியிருந்த ஜாக்கின் அற்புதம். குப்பை அள்ள ஆள் வராத காலத்தில் காலனிப் பிள்ளைகளைத் திரட்டி, ஆளுக்குக் கொஞ்சமாகக் குப்பையைச் சுமந்துபோய் மாநகராட்சி அலுவலக வாசலில் கொட்டச் செய்தவர் அவர். 1976-ல், நெருக்கடி நிலை நாட்களில், பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்காக அந்தக் காலனி இடிக்கப்பட்டது. குடும்பங்கள் சீத்தா கேம்ப்புக்கு அனுப்பப்பட்டன. ஜாக்கின் தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பை வளர்த்தார். 2000-ல் மகசேசே விருது, 2011-ல் பத்மஸ்ரீ. ஆனால் இந்தக் கட்டுரைக்கு அந்த விருதுகளை விட முக்கியமானது இன்னொன்று. மும்பையின் தாராவிக் குடிசைப் பகுதி மறுசீரமைப்புக்காக மகாராஷ்டிர அரசு ஒரு நிபுணர் குழு அமைத்தபோது, மாநிலத்தின் முன்னாள் தலைமைச் செயலாளர் டி.எம். சுக்தாங்கர் தலைமையில், கட்டடக் கலைஞர்களோடு சேர்ந்து அந்தத் தச்சரும் உறுப்பினராக உட்கார்ந்தார்.

கட்டடம் பற்றி அரசுக்கு ஆலோசனை சொல்லும் குழுவில் ஒரு நாற்காலி காலியானால் அதில் யார் உட்கார வேண்டும்? பட்டம் பெற்றவரா, கட்டி அனுபவப்பட்டவரா, அழகைப் பற்றிச் சிந்தித்தவரா, அல்லது அந்தக் கூரையின் கீழ் படுத்து எழப்போகிறவரா? அலுவலகக் கோப்பில் இது ஒரு நியமன ஆணை. அந்த ஆணைக்கு அடியில், எது அறிவு, யார் அறிந்தவர் என்ற பழைய கேள்வி கிடக்கிறது.

கிரேக்கர்கள் இதில் இரண்டாகப் பிரிந்தார்கள், அதுவும் குருவும் சீடனுமாக. அரிஸ்டாட்டில் தன் அரசியல் நூலின் மூன்றாம் பகுதியில், வீட்டைக் கட்டியவரை விட அதில் குடியிருப்பவரே அதை நன்றாக மதிப்பிடுவார் என்கிறார். சுக்கானின் குணம் தச்சரை விட மாலுமிக்குத் தெரியும், விருந்தின் ருசி சமைத்தவரை விடச் சாப்பிட்டவருக்குத் தெரியும் என்று அடுக்குகிறார். அவருடைய ஆசிரியர் பிளேட்டோ வேறு பக்கம் நின்றவர். மருத்துவர் ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி, இனிப்புப் பலகாரம் செய்பவர் வழக்காட, குழந்தைகள் தீர்ப்புச் சொன்னால் கதி என்னவாகும் என்று ஓர் உரையாடலில் கேட்கிறார். கசப்பு மருந்து கொடுத்தவர் தோற்பார். மிட்டாய் கொடுத்தவர் ஜெயிப்பார். இரண்டையும் தாராவியில் நின்று படித்தால் இரண்டிலும் உண்மை இருப்பது தெரியும்.

நம் பக்கத்திலும் குழு நியமனத்துக்குக் கல்வெட்டே இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் உத்திரமேரூரில் வெட்டிய குடவோலை விதிகள். ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு குழு. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். மூன்றாண்டுக்குள் பதவியில் இருந்தவர், கணக்குக் காட்டாதவர், அவருடைய உறவினர் யாருக்கும் இடம் கிடையாது. ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன் இவ்வளவு கறாராக எழுதினார்களே என்று பாடப் புத்தகங்கள் பெருமைப்படுவது நியாயம். அந்தப் பட்டியலில் இன்னும் சில நிபந்தனைகள் உண்டு. உறுப்பினராகிறவருக்கு இறை செலுத்தும் கால்வேலி நிலத்துக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும். வேத அறிவும் கேட்டார்கள். தாராவியின் 90 அடி ரோட்டுக்குப் பின்னால் தகரக் கூரையின் கீழ் மூன்று தலைமுறையாக வாழ்கிற குடும்பத்தில் ஒருவரும் அந்தக் குடத்தருகே போயிருக்க முடியாது. கணக்கில் அவ்வளவு நேர்மையாக இருந்த சபை, மனை இல்லாதவருக்கும் மனை பற்றித் தெரியும் என்பதை ஏற்கவில்லை. இன்றைய நியமன விதிகளில் அந்தப் பழைய நிபந்தனை வேறு சொற்களில் உயிரோடிருக்கிறது.

குடியிருப்பவருக்கே எல்லாம் தெரியும் என்று முடித்துவிடலாமா என்றால், உல்லாஸ்நகர் குறுக்கே நிற்கிறது.

இரண்டாம் உலகப் போரின்போது கல்யாண் அருகே ராணுவத்துக்காகக் கட்டிய வரிசை வரிசையான பாரக்குகள் அவை. பிரிவினையில் சிந்துவை இழந்து வந்த குடும்பங்களை அரசு அங்கே குடியேற்றியது. 1949 ஆகஸ்ட் 8 அன்று அந்த முகாமை நகரமாக்கி உல்லாஸ்நகர் என்று பெயர் சூட்டியவர் அப்போதைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி. வீடு, நிலம், ஊர்ப்பெயர் எல்லாவற்றையும் விட்டு வந்தவர்களுக்கு, மகிழ்ச்சி என்ற பொருளில் ஒரு தமிழர் வைத்த பெயர் அது. சிப்பாய்கள் வரிசையாகப் படுக்கக் கட்டிய நீள அறையைக் குடும்பங்கள் மறைப்புக் கட்டிப் பிரித்துக்கொண்டன. முன்னால் கடை போட்டன, பின்னால் பட்டறை வைத்தன, மேலே தளம் ஏற்றின. யாரும் வரைபடம் கொடுக்கவில்லை. ஒரு முகாம் இப்படித்தான் தொழில் நகரமானது. வந்த மக்களின் உழைப்புக்கும் சமயோசிதத்துக்கும் அதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை.

அதே ஊரில் 1990களில் அனுமதியில்லாத அடுக்கு மாடிகள் பெருகின. தரமற்ற மணலும் தளர்ந்த கான்கிரீட்டுமாகப் பல எழுந்தன. வழக்கு மும்பை உயர் நீதிமன்றம் வரை போய், நூற்றுக்கணக்கான கட்டடங்களை இடிக்கச் சொல்லும் நிலை வந்தது. குடியிருப்பவர்கள் எங்கே போவார்கள் என்ற கேள்வி எழ, 2006-ல் இந்த ஒரு நகரத்துக்காகவே முறைப்படுத்தும் சட்டம் வந்தது. 2021 மே மாதத்தில் இரண்டு வார இடைவெளியில் இரண்டு கட்டடங்களில் மேல்தளம் பெயர்ந்து கீழ்தளம் வரை விழுந்தது. பத்துக்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். தங்கள் அறையில் எந்த மூலையில் காற்று வரும் என்று அவர்களுக்குத் தெரியும். தலைக்கு மேலிருந்த கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடித்ததை அவர்கள் அறிய வழியில்லை. அதைச் சொல்லப் பொறியாளர் வேண்டும். பிளேட்டோவின் மருத்துவர் இங்கே அவசியம்.

செம்பூரைத் தாண்டி கோவண்டி, மான்குர்ட் பக்கம் போனால் எதிர்ப் பாடம் நிற்கிறது. நட்வர் பாரேக் காம்பவுண்ட், லல்லுபாய் காம்பவுண்ட் ஆகிய மறுகுடியமர்வுக் கட்டடங்களில் ஒரு குறையும் சட்டப்படி இல்லை. பொறியாளர் கையெழுத்து உண்டு, கட்டடக் கலைஞர் முத்திரை உண்டு, அரசு ஒப்புதல் உண்டு. கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவே ஏறத்தாழ 3 மீட்டர்தான் இடைவெளி. கீழ்மாடிகளில் பகலிலும் விளக்கு எரிய வேண்டும். ஜன்னலைத் திறந்தால் எதிர் வீட்டுச் சாக்கடைக் குழாய். ஐ.ஐ.டி. மும்பையும் 'டாக்டர்ஸ் ஃபார் யூ' என்ற மருத்துவர் அமைப்பும் சேர்ந்து நடத்தி 2018-ல் வெளிவந்த ஆய்வு, இந்தக் கட்டடங்களில் வெளிச்சமும் காற்றும் குறைவாக இருப்பதற்கும் அங்கே காசநோய் மிகுந்திருப்பதற்கும் தொடர்பு காட்டியது. அருகிலேயே இடைவெளி விட்டுக் கட்டிய இன்னொரு குடியிருப்பில் நோய் மிகக் குறைவு. ஒரு நாள், ஒரே ஒரு நாள், துணி காயப்போடுகிற ஒரு பெண் அந்த வரைபடத்தின் முன் நின்றிருந்தால், "வெயில் எங்கேருந்து வரும்?" என்று கேட்டிருப்பார். கேட்க அவருக்கு நாற்காலி இல்லை.

நாற்காலி இருந்தால் என்ன வரும் என்பதற்குத் தாராவியிலேயே செங்கல் சாட்சி உண்டு. ஜாக்கினின் கூட்டமைப்பும் ஸ்பார்க் என்ற தொண்டு நிறுவனமும் மக்களோடு சேர்ந்து எழுப்பிய மார்க்கண்டேயா, ராஜீவ்-இந்திரா கூட்டுறவுச் சங்கக் கட்டடங்களில் அறையின் உயரம் 14 அடி. வழக்கமான அறையை விட நாலைந்து அடி கூடுதல். ஏன்? விதி தரைப் பரப்பைத்தான் எண்ணியது. பாதி உயரத்தில் போடுகிற பரணை எண்ணவில்லை. கோலி என்கிற ஒற்றை அறை வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு இந்தப் பரண் பழகியது. கீழே அடுப்பும், தையல் மெஷினும், பள்ளிக்கூடப் பையும். மேலே புதிதாகக் கல்யாணமான மகனும் மருமகளும், அல்லது இரவு ஷிஃப்ட் முடித்து வந்து பகலில் தூங்குகிறவர். ஒரு குடும்பத்தின் மானம் அந்த நாலடி உயரத்தில் இருக்கிறது. இதைக் கட்டடக் கலைக் கல்லூரியில் சொல்லித்தர முடியாது என்பதில்லை, யாரும் சொல்லித்தரவில்லை. மக்கள் சொன்னார்கள், பொறியாளர் அதற்கு உத்தரம் கணக்கிட்டார். கழிப்பறை விஷயத்திலும் பெண்கள் அன்று தங்கள் கருத்தைச் சொன்னார்கள்: சின்ன அறைக்குள் அடுப்புக்குப் பக்கத்தில் கக்கூஸ் வேண்டாம், நாலு வீட்டுக்குப் பொதுவாக வெளியே இருக்கட்டும் என்றார்கள். நிபுணர்கள் திகைத்தார்கள். காரணம் கேட்ட பிறகு பலர் ஒப்புக்கொண்டார்கள்.

நம் வாஸ்து நூல்களும் இதற்கு அந்நியமில்லை. மயமதம் போன்ற சிற்ப நூல்கள் பேசும் அளவுகளில் மாத்திராங்குலம் என்று ஒன்று உண்டு. ஒரு மனிதரின் நடுவிரல் கணுவை அலகாகக் கொண்டு கட்டடத்தை அளப்பது. வீட்டை அளக்க மனித உடம்பையே கோலாக்கிய மரபு அது. பைகுல்லாப் பெண்கள் புடவையை விரித்தபோது அந்த நூல்களைப் படித்திருக்க மாட்டார்கள். ஆனாலும் அவர்கள் அந்தத் தடத்தில்தான் நடந்தார்கள்.

ஜாக்கின் 2018 அக்டோபரில் காலமானார். அடுத்த மாதம் லண்டனில் வேறொரு நியமனம் பெரும் சத்தத்தைக் கிளப்பியது. வீடுகள் அழகாகவும் இருக்க வேண்டும் என்று ஆராய பிரிட்டிஷ் அரசு ஒரு ஆணையம் அமைத்து, ரோஜர் ஸ்க்ரூட்டன் என்ற தத்துவவாதியைத் தலைவராக்கியது. சம்பளமில்லாத பதவி. அழகைப் பற்றித் தனிநூல் எழுதியவர். நவீனக் கட்டடங்கள் சாதாரண மக்களின் கண்ணை மதிக்கவில்லை என்று வாழ்நாள் முழுக்க வாதிட்டவர். கட்டடக் கலைஞர்கள் பலர் கொதித்தார்கள். 2019 ஏப்ரலில் ஒரு பத்திரிகைப் பேட்டியைக் காரணம் காட்டி நீக்கினார்கள். பேட்டியை வெளியிட்ட விதத்துக்கு அந்தப் பத்திரிகை வருத்தம் தெரிவித்த பிறகு ஜூலையில் மறுபடி அழைத்தார்கள். 2020 ஜனவரியில் அவர் இறந்தார். அதே மாதம் ஆணையத்தின் அறிக்கை வந்தது. அவருடைய அரசியலில் பலருக்கு உடன்பாடு இல்லை. ஒரு விஷயத்தில் அவர் சொன்னது சரி: அழகு பணக்காரரின் ஆடம்பரம் இல்லை. தாராவியின் தமிழ்ச் சந்துகளில் விடியற்காலையில் நடந்து பார்த்தவருக்கு இது புதிதல்ல. இரண்டடி அகலச் சந்திலும் வாசல் கழுவி, ஒரு கையகலக் கோலம் இருக்கும். நிலைப்படியில் மஞ்சள் குங்குமம் இருக்கும். மறுகுடியமர்வுக் கட்டடத்தின் இருட்டு வராந்தாவில் அந்த வாசலுக்கு இடம் எங்கே என்று எந்த அறிக்கையும் கேட்டதில்லை. ஆனால் தத்துவவாதி சாதாரண மக்களின் கண்ணுக்காகப் பேசினார். ஜாக்கின் அந்தக் கண்ணோடே போய் உட்கார்ந்தார். இரண்டும் ஒன்றல்ல.

பெரியபுராணத்தில் பூசலார் கதை எல்லோரும் அறிந்தது. திருநின்றவூர்க்காரர். கோயில் கட்ட ஆசை, கையில் காசு இல்லை. மனத்திலேயே கட்டினார். காஞ்சியில் பல்லவ மன்னன் கல்லால் கட்டி முடித்துக் குடமுழுக்குக்கு நாள் குறித்தபோது, அன்றைக்கு நான் பூசலார் கோயிலுக்குப் போகிறேன், நீ வேறு நாள் பார் என்று சிவன் கனவில் சொன்னார். மன்னன் திருநின்றவூருக்கே போய், அந்தக் கோயில் எங்கே என்று விசாரித்தான். இதைப் பக்தியின் பெருமை என்று மட்டும் சொல்லிக் கடந்துவிடுகிறோம். சேக்கிழார் வேறொன்றையும் கவனமாகச் சொல்கிறார். பூசலார் மனம்போன போக்கில் கட்டவில்லை. பொருள் சேர்த்து, தச்சரைச் சேர்த்து, நல்ல நாள் பார்த்து, அடித்தளம் தொடங்கி வரிசை வரிசையாக ஏற்றி, சுதை பூசி, கிணறு வெட்டி, மதில் எடுத்து, குளம் தோண்டி, ஆகமப்படி முடித்தார். ஏழைக்கு ஆசை மட்டும்தான் இருக்கும், முறை தெரியாது என்ற எண்ணத்தை அந்தக் கதை உடைக்கிறது. கடவுளே நாள் மாற்றச் சொன்னார் என்பது, யாருடைய கட்டட அறிவுக்கு முன்னுரிமை என்பதில் நம் சமயம் எழுதிவைத்த ஒரு தீர்ப்பு. அரசன் அந்தத் தீர்ப்பைக் கேட்டுக் கோபப்படவில்லை; ஊர் தேடி நடந்தான். எந்த அரசும் செய்யத்தக்க காரியம் அது.

மும்பையின் நடப்பு விதி அங்கே வந்து சேரவில்லை. 1995-ல் வந்த பாரம்பரிய விதிகளின்படி அமைந்த பாரம்பரியப் பாதுகாப்புக் குழுவில் கட்டடக் கலைஞர், கட்டமைப்புப் பொறியாளர், சுற்றுச்சூழல் அறிந்தவர், நகர வரலாறு அறிந்தவர் என்று இடங்கள் உண்டு. குடியிருப்பவர் என்ற தகுதிக்கு இடமில்லை. 2012-ல் பாரம்பரியக் கட்டடங்களின் பட்டியலை விரிவாக்க முயன்றபோது தாதர், ஷிவாஜி பார்க், மாட்டுங்கா பக்கங்களில் பலர் கொதித்தெழுந்தார்கள். தண்ணீர்க் குழாய் ஒழுகுகிற வீட்டை எங்கள் அனுமதியில்லாமல் நினைவுச் சின்னமாக்குவதா என்பது அவர்கள் கேள்வி. மாட்டுங்காவின் தமிழ்க் குடும்பங்களுக்கு அந்தக் கோபம் நன்றாகப் புரியும். ஒரு மைல் தள்ளித் தாராவியில் அதே கோபம் வெகு காலமாகப் பல மடங்கு இருக்கிறது. கோபப்பட அங்கே உள்ளவர்களுக்கு வீட்டுப் பத்திரம்தான் இல்லை.

குடியிருப்பவரை நியமித்துவிட்டால் போதும் என்றும் இல்லை. ஒரு கட்சிக்காரரையோ, ஒப்பந்ததாரரின் ஆளையோ மக்கள் பிரதிநிதி என்று உட்கார வைப்பது எளிது. தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்று வள்ளுவர் இரண்டு அதிகாரம் ஒதுக்கியது சும்மாவா? உறுப்பினருக்கு அழகு, வேண்டாம் என்றால் வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்வது. 2009 ஜூலையில் தாராவி நிபுணர் குழு அதைச் செய்தது. தன்னை நியமித்த அரசின் முதலமைச்சருக்கே திறந்த மடல் எழுதி, அந்தத் திட்டம் மக்கள் நலத்தை விட லாபத்தால் இயங்குகிறது, இது நாசூக்கான நில அபகரிப்பு என்று சொன்னது. ஓய்வு பெற்ற தலைமைச் செயலாளரும் கட்டடக் கலைஞர்களும் தச்சர் ஜாக்கினும் ஒரே பக்கத்தில் நின்றார்கள். நிபுணரும் குடிமகனும் எதிரெதிர் ஆட்கள் என்ற எண்ணத்துக்கு அந்த ஒரு மடலே பதில். ஒரே மேசையில் வெகு நேரம் உட்கார்ந்தால் இரு தரப்பும் ஒன்றையேதான் பார்க்கும்.

இப்போது திட்டம் புது வேகத்தில் நகர்கிறது. 2022 நவம்பரில் அதானி குழுமம் ஏலத்தில் முந்தியது. 2024-ல் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. தரைத்தளத்தில் 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து இருப்பவருக்கு 350 சதுர அடி வீடு என்கிறார்கள். மற்றவர்களுக்குத் தாராவிக்கு வெளியே. 1986-ல் இதேபோல் ஒரு கணக்கெடுப்பு நடந்தபோது, அரசு சுமார் 3 லட்சம் பேர் என்றது. ஜாக்கினின் கூட்டமைப்பு சந்து சந்தாகப் போய் எண்ணி 5 லட்சத்துக்கு மேல் என்று காட்டியது. எண்ணத் தெரிந்தவர்கள் அங்கேயே இருந்தார்கள்.

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் உல்லாஸ்நகரிலும் இருக்கிற தமிழர்களிடம் ஒரு வேண்டுகோள். தாராவிக்கோ, கோவண்டிக்கோ, ஓட்டை விழுந்த உல்லாஸ்நகர் அடுக்குமாடிகளுக்கோ அரசு இனி எந்த ஆலோசனைக் குழு அமைத்தாலும், பொறியாளர் பெயருக்கு அடுத்த வரியில் அந்தக் கட்டடத்தில் குடியிருக்கப்போகிற ஒரு பெண்ணின் பெயர் வாக்குரிமையோடு இருக்க வேண்டும் என்று கேளுங்கள். உங்கள் நகர்மன்ற உறுப்பினரிடம் கேளுங்கள், நகர வளர்ச்சித் துறைக்கு மராத்தியில் எழுதிக் கேளுங்கள். சங்கங்கள் பொங்கல் விழாவுக்கு எழுதுகிற கடிதங்களில் ஒன்று இதற்காகவும் போகட்டும்.